எழுதியவர் பேசக் கூடாது

அண்ணனுக்குப் பார்சல் அனுப்பி ஐந்து வாரமாகிவிட்டது. அண்ணி லுவெல்லாவிடமிருந்து ஓர் அஞ்சல் அட்டை மட்டும் வந்தது. பனி இன்னும் உருகவில்லை, ஆரினுக்கு முழங்கால் வலி தேவலை, கோழிக்குஞ்சுகளுக்குச் சொல்லி வைத்தாயிற்று. அவ்வளவுதான். பார்சலில் போன நாவலைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஏதாவது தப்பித் தவறி எழுதியிருக்குமோ என்று ஆர்டிஸ் டிவெயிட் அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கத்தில் ஒரு வாத்து நீந்திக்கொண்டிருந்தது.

ஆர்டிஸ் பேராசிரியை. மினசோட்டாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் இருபது வருடத்துக்கு மேலாகக் கதையும் கவிதையும் எழுதக் கற்றுக்கொடுக்கிறாள். நான்கு கவிதைத் தொகுப்பு, இரண்டு நாவல். மூன்றாவது நாவலை எழுதத் தொடங்கியபோது தலைமுடி பழுப்பாக இருந்தது, முடித்தபோது நரைத்துவிட்டது. நியூயார்க்கில் பதிப்பாசிரியை ரோசலிண்ட் ஒப்பந்தத்தை அனுப்பிவிட்டு, மாதத்துக்கு ஒருமுறை தொலைபேசியில் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“என் அண்ணன் படிச்சிட்டு ஒரு வார்த்தை சொல்லட்டும். அப்புறம் கையெழுத்துப் போடறேன்,” என்றாள் ஆர்டிஸ்.

“அவர் வேண்டாம்னு சொன்னா?”

“அப்போ புத்தகம் இல்லை.”

அவள் விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்து ரோசலிண்ட் சிரித்தாள். ஆர்டிஸ் சிரிக்கவில்லை.

காரணம் இதுதான். ஆர்டிஸுக்குப் பதினைந்து வயதிருக்கும்போது அவர்கள் வீட்டு ஆட்டுக்கொட்டகை எரிந்து போனது. மார்ச் மாதம், ஆடுகள் குட்டி போடும் காலம். புதுக் குட்டிகளுக்குச் சூடு வேண்டும் என்று சிவப்பு விளக்கைத் தாழ்வாகத் தொங்கவிடுவார்கள். அதைச் சங்கிலியில்தான் மாட்ட வேண்டும்; கயிறு அறுந்தால் விளக்கு வைக்கோலில் விழும். அன்று சாயங்காலம் சாப்பிடக் கூப்பிடப் போனபோது, அண்ணன் ஆரின் அதை வைக்கோல் கட்டும் கயிற்றால் உத்திரத்தில் கட்டிக்கொண்டிருந்ததை ஆர்டிஸ் பார்த்தாள். மறுநாள் காலையில் கொட்டகை இருந்த இடத்தில் கருப்பாக ஒரு சதுரம்தான் இருந்தது. பாதி மந்தை போயிற்று. அப்பா, வந்தவர்களிடமெல்லாம் “பழைய ஒயரிங்” என்றார். ஆரின் ஒன்றும் சொல்லவில்லை. ஆர்டிஸும் சொல்லவில்லை. முப்பத்தாறு வருடமாக அந்த வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. அப்பா உண்மை தெரியாமலே கண்ணை மூடிவிட்டார் என்பது, ஆர்டிஸின் தொண்டையில் இறங்காத மாத்திரை போல ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்த மாத்திரையைத்தான் அவள் நாவலாக்கியிருந்தாள். ஆடுகளைக் கன்றுகளாக்கினாள். வடக்கு டகோட்டாவை மோன்டானாவாக்கினாள். ஆரின், கார்ல் என்ற ஒற்றைப் பிள்ளையானான். ஆனால் கயிறு கயிறாகவே இருந்தது. கார்ல் அப்பாவிடம் சொல்ல முடியாமல் வாழ்நாள் முழுக்கக் குமைகிறான். இதை அச்சடித்துக் கடையில் வைத்தால் ஆரினை ஊருக்கு நடுவில் நிறுத்தியதாக ஆகாதா? அவனை இழந்து ஒரு புத்தகம் வேண்டாம். இதில் அவளுக்கு இரண்டு எண்ணம் இல்லை.

பிறந்த ஊர் வடக்கு டகோட்டாவில் நார்ஹைம். கோதுமையும் சூரியகாந்தியும் லூத்தரன் தேவாலயமும். நார்வேயிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். வந்தபோது பேச்சைக் கப்பலிலேயே விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. அப்பா டோர்வால்ட் ஒரு நாளைக்குப் பேசுவதை ஒரு தபால் தலையின் பின்னால் எழுதிவிடலாம். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஆர்டிஸின் முதல் கவிதை விவசாய வாரப் பத்திரிகையில் பன்றி விலைக்குக் கீழே வந்தது. பனித்தடுப்பு வேலியைப் பற்றிய கவிதை. அப்பா அதை இரண்டு முறை படித்தார். “வேலி அப்படித்தான் சாயும்,” என்று சொல்லிவிட்டு வெளியே போனார். அம்மா வெகுநேரம் கழித்து, “உங்கப்பாவுக்கு ரொம்பப் பெருமை,” என்று மொழிபெயர்த்தாள்.

உதவித்தொகையில் ஆசிரியர் கல்லூரி, இரண்டு வருடம் பள்ளிக்கூட வேலை, அப்புறம் எழுத்துப் பட்டப்படிப்பு. அங்கே ஒரு நீண்ட மேசை, சுற்றிலும் சிகரெட் புகை, ஆண்கள். ஒருவர் எழுதிய பக்கங்களை மற்றவர்கள் அக்குவேறு ஆணிவேறாகப் பிரிப்பார்கள். அதுவரை எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது. விளக்கம் சொல்லக் கூடாது, மறுக்கக் கூடாது, ‘அது நான் இல்லை’ என்று கூடச் சொல்லக் கூடாது. எல்லாம் முடிந்தபின் ஒரு நன்றி மட்டும் சொல்லலாம். வியட்நாமிலிருந்து திரும்பி வந்த முரட்டு ஆட்கள் அந்த மேசையிலிருந்து எழுந்து போய்க் கழிப்பறையில் அழுதிருக்கிறார்கள். ஆர்டிஸுக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை. அவளுடைய பிறந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பதினெட்டு வருடம் பயிற்சி எடுத்திருந்தாள்.

பிறகு வேலை கிடைத்தது. முதல் சில வருடங்கள் பொறியியல் மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்துவதிலேயே போயின. துறையில் இருந்த ஒரே பெண் அவள். கூட்டம் என்றால் காபி போடுவது யார் என்று யாரும் கேட்கவே மாட்டார்கள், அவளைப் பார்ப்பார்கள். ஒரு வருடம் அவள் பார்க்காதது போல் உட்கார்ந்திருந்தாள். அந்த வருடம் துறை முழுக்கக் காபி இல்லாமல் கூட்டம் நடந்தது. முதல் நாவல் நன்றாகப் பேசப்பட்டு, வேலையும் நிரந்தரமானது. இரண்டாவது நாவல் ஆழமான கிணற்றில் போட்ட கல். விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. நடுநடுவே கவிதைகள், அவளைக் கைவிடாதவை. ஒரு திருமணம், ஒரு விவாகரத்து; இன்னொன்றைப் பற்றி அவள் யோசிக்கவில்லை. அப்புறம் இந்த மூன்றாவது.

அந்தப் பழைய விதியை அவள் தன் வகுப்பிலும் கைவிடவில்லை. எழுதியவர் பேசக் கூடாது. ஊர்ப் பத்திரிகை ஒன்று பேட்டி எடுத்தபோதுகூட அதைத்தான் தலைப்பாகப் போட்டார்கள்.

மார்ச் கடைசியில் ஒரு நாள் தியோ என்ற மாணவனின் கதை மேசைக்கு வந்தது. அம்மாவைப் பற்றிய கதை. எல்லோரும் சேர்ந்து அந்த அம்மாவைக் கிழித்துத் தோரணம் கட்டினார்கள். வகுப்பு முடிந்து மற்றவர்கள் போனபின் தியோ மட்டும் கோட்டை மாட்டிக்கொண்டே நின்றான்.

“புரொபசர், ஒண்ணு கேக்கலாமா? உங்க எழுத்தை யாராவது இப்படி முன்னாடி வெச்சுக் கிழிச்சிருக்காங்களா?”

“எத்தனையோ பேரு.”

“அது தெரியாதவங்க. சொந்தக்காரங்க யாராவது?”

ஆர்டிஸ் காகிதங்களை அடுக்கினாள். அடுக்கியதையே மறுபடி அடுக்கினாள்.

“அப்போ உங்களுக்கும் பயம்தான்,” என்றான் தியோ. “நல்லது. எனக்கு மட்டும்னு நெனச்சேன்.”

அன்று வீட்டுக்குப் போனதும் கோட்டைக்கூடக் கழற்றாமல் நார்ஹைமுக்குத் தொலைபேசி போட்டாள். லுவெல்லாதான் எடுத்தாள். பனியைப் பற்றிப் பேசினார்கள். முழங்காலைப் பற்றிப் பேசினார்கள். யாரோ ஒருவருடைய பித்தப்பையைப் பற்றியும் பேசினார்கள். பிறகு ஆர்டிஸ் மூச்சை இழுத்துக்கொண்டு கேட்டாள்.

“நான் ஒரு பார்சல் அனுப்பியிருந்தேனே.”

“ஓ, அதுவா. அது இப்போ இங்க இல்லையே.”

“இல்லைன்னா?”

“தபாலாபீஸ் ஜெனீவா வீட்டுல இருக்கு. அதுக்கு முந்தி போர்கில்ட் வீட்டுல இருந்துச்சு. கோயில் மாதர் சங்கத்துல ஆளுக்கு ரெண்டு நாள்னு வெச்சுக்கிட்டோம். பக்கம் கசங்கக் கூடாதேன்னு என் பெரிய கேக் டப்பாவுல போட்டு மூடித்தான் அனுப்பறேன். நீ கவலப்படாதே.”

ஆர்டிஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

அவளுக்கு மறந்துவிட்டிருந்தது. நார்ஹைமில் ஒரு வீட்டுக்கு வந்த எதுவும் அந்த வீட்டோடு நிற்காது. பழப்பாகு வந்தால் பாதி பக்கத்து வீட்டுக்குப் போகும். பத்திரிகை வந்தால் பத்துக் கை மாறும். ‘இது உனக்கு மட்டும்’ என்று யாராவது எழுதினால்தான் அதிசயம். அவள் அப்படி எழுதவில்லை. பார்சலோடு வைக்க அண்ணனுக்கு ஏழெட்டு முறை கடிதம் எழுதிப் பார்த்தாள். ‘இதில் உன்னைப் பற்றி எழுதியிருக்கிறேன், நீ சம்மதித்தால்தான் வெளியிடுவேன்’ என்று தொடங்கிய ஒவ்வொன்றையும் கிழித்துப் போட்டாள். அந்த ஊர்ப் பெண்ணின் கை அவ்வளவு நேராக எழுத வளையவில்லை. கடைசியில் பார்சலில் போனது இரண்டே வரி: ‘நேரம் கிடைத்தால் பார். அவசரமில்லை. அங்கே வானிலை எப்படி?’

“ஆரின் படிச்சானா, லுவெல்லா?”

“மொத ஆளா அவருதான் படிச்சாரு. ரெண்டு வாரம். கண்ணாடிய மூக்கு நுனியில வெச்சுக்கிட்டு.”

“என்ன சொன்னான்?”

“சொல்றதா? உங்கண்ணனா?” லுவெல்லா சிரித்தாள். “ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் கோயில் அடித்தளத்துல எல்லாரும் சேந்து உன் கதையப் பத்திப் பேசப் போறோம். வந்துடேன். நீ வராட்டியும் பேசத்தான் போறோம்.”

அவளே அண்ணனை ஊர் நடுவில் கொண்டுபோய் நிறுத்தியாயிற்று. அச்சகம்கூடத் தேவைப்படவில்லை, ஒரு கேக் டப்பா போதுமாக இருந்தது.

சனிக்கிழமை காரில் கிளம்பினாள். ஐந்து மணி நேரப் பயணம். மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் நிலம் தட்டையாகிவிடும்; சாலையோரம் அழுக்குப் பனி. வழி முழுக்க ஆரினிடம் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்தாள். ஒவ்வொரு ஒத்திகையிலும் ஆரின் அதே பதிலைத்தான் சொன்னான்: ஒன்றும் சொல்லவில்லை.

அவள் போய்ச் சேர்ந்தபோது அவன் டிராக்டரின் அடியில் படுத்திருந்தான். கால் மட்டும் வெளியே தெரிந்தது.

“வந்துட்டியா?” என்றது கால்.

“வந்துட்டேன்.”

“ரோடு எப்படி?”

“பரவாயில்ல.”

“காஸெல்டன்கிட்ட வழுக்குமே.”

“வழுக்குச்சு.”

“ம்.”

அன்று இரவு சாப்பாட்டில் மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் சேர்த்து வேகவைத்த பெரிய பாத்திரம், லெஃப்சா என்ற மெல்லிய நார்வே ரொட்டி, ஊறுகாய். லுவெல்லா மட்டும் பேசினாள். ஆர்டிஸ் மூன்று முறை வாயைத் திறந்தாள். மூன்று முறையும் ஆரின் வெண்ணெயை நகர்த்திக் கொடுத்தான்.

மறுநாள் ஆராதனையில் போதகர் என்ன சொன்னார் என்பது அவள் காதில் ஏறவில்லை. அடித்தளத்துக்குப் படியிறங்கும்போதே காபி வாசனை வந்தது. மடக்கு நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். நடு மேசையில் கேக் டப்பா. மூடியில் லுவெல்லாவின் பெயர் எழுதிய ஒட்டுத்தாள். வந்திருந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஆண்கள் சுவரோரம் பெரிய காபிக் கலத்தைச் சுற்றி, ஏதோ அதற்குக் காவல் இருப்பவர்கள் மாதிரி நின்றார்கள். அவர்களில் ஒருவனாக ஆரினும் நின்றான்.

ஆர்டிஸ் எழுந்தாள். “பேசறதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லிடறேன். இந்தக் கதையில வர்றவங்க...”

“உக்காரு, உக்காரு,” என்றாள் லுவெல்லா. கைப்பையிலிருந்து கத்தரித்த பத்திரிகைத் துண்டை எடுத்து எல்லோருக்கும் காட்டினாள். “உன் வகுப்புல எழுதினவங்க பேசக் கூடாதாமே. நீதான் சொல்லியிருக்க. இங்கயும் அதே சட்டம்தான்.”

“அது வகுப்புக்கு, லுவெல்லா.”

“பேசற பாரு,” என்றார் போர்கில்ட் ஹாகன். எண்பதைத் தாண்டியவர், ஆர்டிஸுக்கு ஞாயிறு பள்ளியில் பாடம் எடுத்தவர். அந்தக் குரலுக்கு அவள் இன்னமும் கட்டுப்பட்டாள். உட்கார்ந்தாள்.

“மொதல்ல நான் சொல்றேன்,” என்று போர்கில்டே தொடங்கினார். “அந்தப் பள்ளிக்கூடத்து டீச்சரம்மா நான்தான். படிச்ச ஒடனே தெரிஞ்சுபோச்சு. நல்லா எழுதியிருக்கா. மூக்கு மட்டும் என் மூக்கு இல்ல.”

முன்பு தான் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரியை வைத்துத்தான் ஆர்டிஸ் அந்த ஆசிரியையை எழுதியிருந்தாள். சொல்ல வாயைத் திறக்கப் போய் மூடிக்கொண்டாள்.

“நீயாம். அது எங்கம்மா,” என்றாள் தபால் நிலையத்து ஜெனீவா. “பள்ளிக்கூடத்துல அந்தம்மா பிள்ளைங்க காலுறையை அடுப்புல காய வைக்குதே. எங்கம்மா தவிர யாரு செஞ்சா?”

“ஊருல இருக்கற எல்லா டீச்சரும் செஞ்சாங்க.”

“எனக்கு ஒரு விஷயம்தான் பிடிக்கல,” என்றாள் இன்னொருத்தி. “போதகர் சம்சாரம் சாவு வீட்டுக்குக் கடையில வாங்கின கேக்கை எடுத்துட்டு வர்றா. அப்படி யாரு செய்வா?”

“மோன்டானாவுல செய்வாங்க,” என்றார் காபிக் கலத்துப் பக்கமிருந்து ஒருவர். அதை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

இப்படியே போனது. யார் யார் எந்தப் பாத்திரம் என்று பங்கு பிரித்தார்கள். பால் வண்டிக்காரனை மூன்று குடும்பம் சொந்தம் கொண்டாடியது. கார்லை மட்டும் யாரும் தொடவில்லை. தெரிந்துகொண்டே தவிர்க்கிறார்கள் என்று ஆர்டிஸுக்குப் பட்டது. அவள் ஆரினைப் பார்க்கவில்லை. ஆனால் அவன் எங்கே நிற்கிறான், கோப்பையை எந்தக் கையில் வைத்திருக்கிறான் என்பது வரைக்கும் தெரிந்தது. விரல்களை மடியில் பூட்டு மாதிரி கோத்துக்கொண்டாள்.

ஜெனீவாதான் கேட்டாள். “எல்லாம் சரி. அந்தக் கார்ல் பையன். கொட்டகை எரிஞ்சது தன்னாலதான்னு அப்பன்கிட்ட ஏன் சொல்லாமலே இருக்கான்? கதை முழுக்க எனக்கு அவனைப் பிடிச்சு ஒரு உலுக்கு உலுக்கணும்போல இருந்துச்சு.”

கலத்தில் காபி கொதிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. ஆர்டிஸ் தரையைப் பார்த்தாள்.

“எனக்கும் அதான் புரியல,” என்றது ஆரினின் குரல்.

எல்லோரும் திரும்பினார்கள். ஆரின் பொது இடத்தில் பேசி எத்தனையோ வருடமாகியிருந்தது.

“எங்க வீட்டுக் கொட்டகை எரிஞ்சப்ப நான் அன்னிக்கே அப்பாகிட்ட சொல்லிட்டேன்,” என்றான். “வெளக்கைக் கயித்துல கட்டினது நான்தான்னு. சொல்லாம எப்படி இருக்க முடியும்? காலையில எழுந்து அவரு மூஞ்சியப் பாக்கணுமே. இந்தப் பையன் எப்படித்தான் இருந்தானோ.” கோப்பையைப் பார்த்துச் சொன்னான். “பாவம்.”

“உங்கப்பா மொதல்ல ஒயரிங்னுதான் சொன்னாரு, அப்புறம் எங்க வீட்டுக்காரர்கிட்டயும் உண்மையச் சொல்லிட்டாரு,” என்றார் போர்கில்ட். “ஜூன் மாசம் புதுக் கொட்டகை எழுப்ப வந்தவங்க எல்லாருக்கும் தெரியும். சங்கிலிய அவங்கதான் ஆளுக்கொண்ணு எடுத்துட்டு வந்தாங்க. கேலிக்கு. ஒரு கூடை சங்கிலி சேந்துபோச்சு.”

சுவரோரம் நின்ற ஆண்கள் கடகடவென்று சிரித்தார்கள். ஆரினும் சிரித்தான்.

ஆர்டிஸ் எழுந்து நின்றிருந்தாள். எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

“எனக்குத் தெரியாதே,” என்றாள்.

“நீ பேசக் கூடாது,” என்றாள் லுவெல்லா.

“ஏன் எனக்கு மட்டும் யாரும் சொல்லல?”

ஆரின் சங்கடத்தோடு காதைத் தேய்த்துக்கொண்டான். “அப்பாதான் வேணாம்னாரு. ‘சின்னவகிட்ட சொல்லாதே, கவிதை எழுதிப் பேப்பர்ல போட்டுருவா’ன்னாரு.”

போர்கில்ட் முதலில் குலுங்கினார். ஜெனீவா கோப்பையைக் கீழே வைத்தாள். மொத்த அடித்தளமும் சிரித்தது. ஆர்டிஸ் சிரிக்கத் தொடங்கினாள்; அது பாதியிலேயே வேறொன்றாக மாற, கைக்குட்டையைத் தேடினாள். பக்கத்தில் இருந்தவள் ஒன்றும் பார்க்காத மாதிரி ஒரு காகிதத் துண்டை நீட்டினாள். முப்பத்தாறு வருடமாகத் தொண்டையில் நின்றது, ஒருவழியாக இறங்கிப்போனது. கூட்டம் முடிந்ததும் விதிப்படி “நன்றி” என்றாள்.

திரும்பும்போது லுவெல்லா பாத்திரம் கழுவ நின்றுவிட்டாள். அவளை ஜெனீவா கொண்டுவந்து விடுவதாக ஏற்பாடு. ஆர்டிஸ் அண்ணனோடு லாரியில் ஏறினாள். மடியில் கேக் டப்பா. நல்ல வெயில், பள்ளங்களில் பனி உருகி ஓடியது. லாரி ஊரைத் தாண்டியது.

“அது நீதான், ஆரின்,” என்றாள்.

“எது?”

“கார்ல்.”

ஆரின் சாலையிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தான். “நானா? அவன்தான் அப்பன்கிட்ட சொல்லவே இல்லையே.”

“நீயும் சொல்லலன்னு நெனச்சுத்தான் எழுதினேன்.”

“அடப்பாவமே.” கொஞ்ச தூரம் ஓட்டினான். “நான் எங்கயாவது வருவேன்னு கடைசிப் பக்கம் வரைக்கும் பாத்துக்கிட்டே வந்தேன். வரல. கொஞ்சம் வருத்தமாத்தான் இருந்துச்சு. போர்கில்டெல்லாம் வந்திருக்காங்களே.”

ஆர்டிஸ் சிரித்ததில் டப்பா மூடி கடகடத்தது.

“அப்புறம் ஏன் எனக்கு ஒரு வரிகூட எழுதல நீ? அஞ்சு வாரமா தூக்கமில்ல எனக்கு.”

“நீ என்ன கேட்ட? வானிலை எப்படின்னு கேட்ட. லுவெல்லா கார்டு போட்டாளே.”

ஆயிரக்கணக்கான பக்கம் திருத்தியவள். ஒரு கேள்வியைக் கேள்வியாக எழுதாமல் விட்டுவிட்டு, பதில் வரவில்லை என்று புழுங்கியிருக்கிறாள்.

“சரி,” என்றாள். “இப்போ கேக்கறேன். நேராவே கேக்கறேன். அந்தக் கயிறு நம்ம வீட்டுக் கயிறு. அந்தத் தீ நம்ம வீட்டுத் தீ. நீ வேணாம்னு சொன்னா நான் அச்சுக்குக் குடுக்க மாட்டேன். மனசார மாட்டேன். குடுக்கட்டுமா?”

ஆரின் யோசித்தான். அவன் யோசிப்பதற்குள் இரண்டு வேலியும் ஒரு தானியக் கிடங்கும் கடந்து போயின. வீட்டுத் திருப்பத்தில் லாரியைத் திருப்பினான். முற்றத்தில் நிறுத்தினான். எஞ்சின் ஓடிக்கொண்டேயிருந்தது.

“இதுக்குத்தான் அவ்வளவு தூரம் வண்டி ஓட்டிட்டு வந்தியா?”

“ஆமா.”

“குடு,” என்றான். “அந்தப் பையனை மாத்தாதே. அவன் அப்படியே இருக்கட்டும். சொல்லாம இருக்கறவங்களும் இருக்காங்க.”

“பேரு போட்டு உனக்குன்னு சமர்ப்பணம் எழுதட்டுமா?”

“வேணாம். ஊருல கிண்டல் பண்ணுவாங்க.” கொஞ்சம் விட்டு, “முதல் எழுத்து மட்டும் போடு,” என்றான்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். உடம்பு லேசாக இருந்தது. காய்ச்சல் விட்ட மறுநாள் போல, பசித்தது. நாளைக் காலை ரோசலிண்டைக் கூப்பிட்டுவிடலாம். நாவலில் ஒரு எழுத்தையும் மாற்ற வேண்டியதில்லை. நாவலுக்குள் அந்த அப்பா தெரியாமலே சாவார். அது அவருடைய விதி. முற்றத்துக்கு அந்தப் பக்கம், ஜூன் மாதத்தில் ஊரார் எழுப்பிய கொட்டகை வெயிலில் நின்றது. கூரை ஒரு பக்கம் இறங்கியிருந்தாலும் திடமாகத்தான் நின்றது.

ஆரின் கதவுப் பிடியில் கை வைத்தான்.

“நீ சொன்னப்ப அப்பா என்ன சொன்னாரு?” என்று கேட்டாள் ஆர்டிஸ்.

“‘கவிதை எழுதிடுவா’ன்னு...”

“அது என்னப் பத்தி. உங்கிட்ட என்ன சொன்னாரு?”

ஆரின் கதவுப் பிடியிலிருந்து கையை எடுத்தான். கொட்டகையைப் பார்த்தான். பிறகு எஞ்சினை அணைத்துவிட்டு, சொல்லத் தொடங்கினான்.